இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை

ஏப்ரல் 4, வியாழன்

மண்டபம் கிடைத்துவிட்டது. ரசீது என் மேசை இழுப்பறையில். மே இரண்டு, முழுநாள், ஆலய மண்டபம். பெண்: எப்சிபா. மாப்பிள்ளை: கிதியோன். கீழே கமிட்டி முத்திரை, கொஞ்சம் சாய்ந்து.

இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். கல்யாணம் நிச்சயமானபோது வராத ஒரு நிம்மதி இந்தத் தாளைப் பார்க்கும்போது வருகிறது. இதை ஆராய வேண்டும். ஆராய மாட்டேன்.

தோத்திரபுரத்தில் கல்யாணம் என்றால் அந்த மண்டபம்தான். வேறு மண்டபம் வேண்டுமானால் பஸ் ஏற வேண்டும்.

"ஏட்டி, நாலு வாரந்தான் இருக்கு. பிளவுஸ் தைக்கக் குடுக்காம என்னத்த எழுதிக்கிட்டே இருக்க?" என்றாள் அம்மா.

"ரசீதப் பத்தி."

"அதுல நீ எழுத என்ன இருக்கு? அதத்தான் எழுதியே குடுத்துட்டாவளே."

ஏப்ரல் 6, சனி

கிதியோன் மண்டபத்தைக் கொடுத்துவிட்டான்.

(நாட்குறிப்பில் மட்டும் 'அவன்'. நேரில் 'நீங்க'. கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம்.)

கமிட்டிச் செயலாளர் தேவபிச்சை சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மண்டபச் சாவி எப்போதும் அவர் இடுப்பில். அவர் மகள் ஷீபாவுக்கும் கல்யாணம். மஸ்கட் மாப்பிள்ளை, பன்னிரண்டு நாள் லீவு, அந்த லீவு தேதி மாறிப்போய், இப்போது அவர்களுக்கும் மே இரண்டுதான் தோது. சார் என்னிடம் வரவில்லை. அம்மாவிடம் வரவில்லை. நேரே கிதியோனிடம் போனார். மனிதர்களை எடைபோடத் தெரிந்தவர்.

மாலையில் வந்து, காபி குடித்துக்கொண்டே சொன்னான்.

"யாரக் கேட்டுக் குடுத்திய?"

"உன்னக் கேக்கத்தான் வந்தேன்."

"குடுத்துட்டு வந்து கேக்கியளா?"

"கேட்டுட்டுக் குடுத்தா நீ வேண்டாம்னு சொல்லுவியே."

அடுக்களையில் அம்மா சிரித்தது கேட்டது. அம்மா இவன் கட்சி. எப்போது சேர்ந்தாள் என்று தெரியவில்லை.

இவன் அரசாங்க சர்வேயர். தாலுகா முழுக்க அடுத்தவன் எல்லையை அங்குலம் பிசகாமல் அளந்து கல் நடுகிறவன். பெயரோ வேதாகமத்தில் படை நடத்தியவனின் பெயர். காய்கறிக் கடையில்கூடத் தோற்றுத் திரும்புகிறவன்.

ரசீதை எடுத்துக் காட்டினேன். இது நம் உரிமை என்றேன். என் எம்.ஃபில். ஆய்வேட்டின் தலைப்பே 'உரிமை என்னும் கருத்து'. நூற்று நாற்பது பக்கம். ஒரு பிரதி அவனிடம் இருக்கிறது. முன்னுரை வரை வாசித்தானாம். நன்றாக இருந்ததாம்.

"கர்த்தர் வேற தருவாரு, எப்சி."

"அவர்தான தந்தாரு? ரசீது போட்டுத் தந்தாரு."

"தருவாருன்னு சொல்லிட்டு, நானும் ஒரு பக்கம் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தா, அப்புறம் அவருக்கு என்ன வேல?"

 அவன் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் எனக்கு மூன்று பதில்கள் வந்தன. மூன்றும் பிரமாதம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்று எங்கள் முதலாம் ஓலை.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் குருவானவருக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று. யாரும் கொடுப்பதில்லை. வழக்கத்துக்காகக் கேட்கிற கேள்வி.

குருவானவர் ஆசீர் ஐயா வாசித்தபோது பெண்கள் பக்கத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆண்கள் பக்கம் பார்த்தேன். அப்போதுதான் தேவபிச்சை சார் தாமதமாக உள்ளே வந்தார். கிதியோன் எழுந்து, மின்விசிறிக்குக் கீழே இருந்த தன் இடத்தையும் அவருக்குக் கொடுத்துவிட்டுத் தூண் ஓரம் போய் உட்கார்ந்து வியர்த்தான்.

அந்தக் காட்சிதான் காரணம். வேறில்லை.

ஆராதனைத் தாளின் ஓரத்தைக் கிழித்தேன். பென்சில் இருந்தது. எழுதினேன்: இந்த மாப்பிள்ளைக்குத் தன் உரிமை எதுவென்று தெரியாது. இவரைக் கட்டுகிற பெண் தெருவில்தான் நிற்பாள். விசாரிக்கவும்.

காணிக்கைப் பை வந்தது. நாலாக மடித்து உள்ளே போட்டேன்.

கையெழுத்துப் போடவில்லை. வேடிக்கைக்குக் கையெழுத்து எதற்கு? காணிக்கை எண்ணுகிறவர்கள் சிரித்துவிட்டுத் தூக்கிப் போடுவார்கள். மனம் லேசானது. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

யாரும் சிரிக்கவில்லை.

ஆசீர் ஐயா எங்களைத் தன் வீட்டுக்கு, குருமனைக்கு, அழைத்தார். அம்மா, நான், கிதியோன். மேசைமேல் அந்தத் துண்டுத் தாள். பறக்காமலிருக்க மேலே ஒரு கண்ணாடிக் குண்டு.

"மூணு சபையில குருவா இருந்துட்டேன். இப்பதான் முதல் தடவையா ஒரு தடை வந்திருக்கு" என்றார் ஐயா. குரலில் வருத்தம், அதற்கு அடியில் லேசான பரபரப்பு. "எழுத்துல வந்துட்டா அது தடதான். பேரு போட்டாலும் சரி, போடாட்டாலும் சரி. விசாரிச்சு முடிக்காம அடுத்த ஓலை வாசிக்க முடியாது."

அம்மா வாசித்தாள். "தெருவுல நிப்பாளாமா? எம் மவளா? இது யாரு எழுதுனதுன்னு எனக்குத் தெரியாதாக்கும். மண்டபத்தப் புடுங்குன கைதான் இது."

"ஆதாரம் இல்லாமச் சொல்லக் கூடாதும்மா."

"ஆதாரந்தான் ஐயா அவுரு மூஞ்சியிலயே இருக்கே."

கிதியோன் தாளை வாங்கினான். ஒருமுறை வாசித்தான். இன்னொரு முறை. பிறகு சுவரில் இருந்த பல்லியை வெகுநேரம் பார்த்தான்.

"யாருன்னு தேட வேண்டாம் ஐயா. எழுதுனவியளே வந்து எடுத்துக்கிடுவாவ."

"வரலன்னா?"

"வருவாவ."

என்னைப் பார்க்கவில்லை. மிகக் கவனமாக என்னைப் பார்க்கவில்லை.

"உனக்கு யாரு மேலயாவது சந்தேகமாம்மா?" என்று ஐயா என்னைக் கேட்டார். இல்லை என்றேன். பொய் அல்ல. சந்தேகம் எனக்குத் துளியும் இல்லை.

ஏப்ரல் 10, புதன்

பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். கழுத்து ஒரு விரல் இறக்கம். தையல்கார அக்கா நாடாவை என் கழுத்தில் போட்டுக்கொண்டே, "எழுதுனது தேவபிச்சை சாராமே?" என்றாள்.

"ஊரு சொல்லுது" என்றேன்.

ஊர் என்றால் அம்மா.

ஏப்ரல் 12, வெள்ளி

தேவபிச்சை சார் டீக்கடைக்குப் போனாராம். பெஞ்சில் இருந்த நாலு பேரும் எழுந்துவிட்டார்களாம். ஷீபாவின் கல்யாணப் பத்திரிகையை ஒரு வீட்டில் வாங்கி, அவர் கண்முன்னாலேயே ஜன்னல் கட்டையில் வைத்தார்களாம்.

இதெல்லாம் எனக்கு எப்படி இருந்தது என்று நேர்மையாக எழுத வேண்டும்.

இனித்தது. ஒரு மாலை முழுக்க.

ஏப்ரல் 14, ஞாயிறு

இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. ஷீபாவின் ஓலை வாசிக்கப்பட்டது. எங்கள் பெயர் வரவேண்டிய இடத்தில் ஐயா ஒரு இருமல் இருமினார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தேவபிச்சை சார் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். ஐந்தாம் வகுப்பில் என் காதைத் திருகிய கை.

"அக்கா, மண்டபத்தக் கேட்டது நான்தான். ஆனா இத நான் எழுதல. எம் புள்ள மேல ஆணையா எழுதல."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் குனிந்து என் செருப்பைத் தேடினேன். காலில்தான் இருந்தது.

ஏப்ரல் 16, செவ்வாய்

கல்லூரி விடுமுறையில் எப்போதும் தத்துவப் புத்தகத்தில் ஒரு அத்தியாயமாவது வாசிப்பேன். இன்று ஒரே பத்தியை ஐந்து முறை வாசித்தேன்.

மத்தியானம் ஷீபா வந்தாள். கண் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மஸ்கட் மாப்பிள்ளை வீட்டுக்கு யாரோ போன் செய்திருக்கிறார்கள். மொட்டைக் கடிதம் எழுதுகிற வீட்டிலா பெண் எடுப்பது என்று அவர்கள் யோசிக்கிறார்களாம்.

"எப்சி அக்கா, அப்பா சோறு திங்க மாட்டக்காவ. நீங்க ஒரு வார்த்த, அவிய எழுதலன்னு அந்த வீட்டுல சொன்னா..."

"எனக்கெப்படித் தெரியும், யாரு எழுதுனதுன்னு?" என்றேன்.

அதைச் சொன்ன குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. அவள் போன பிறகு வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்தேன். தேய்த்து வைத்திருந்தவற்றையும்.

ஏப்ரல் 17, புதன்

கிதியோனிடம் சொல்லிவிட்டேன்.

குளத்துக்கரை வயலில் அளந்துகொண்டிருந்தான். அண்ணன் தம்பி வழக்கு. இரண்டு பேரும் ஒரே பனைமரத்து நிழலில், முதுகோடு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். வரப்பில் போய் நின்றேன். நிலச் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு வந்தான்.

"அந்தத் தாளு..." என்றேன்.

"ம்."

"நான்தான்."

"ம்."

"தெரியுமா?"

"வாசிச்ச உடனே தெரியும். நம்ம ஊருல கோவப்பட்டா வைவாவ, இல்ல அடிப்பாவ. 'விசாரிக்கவும்'னு யாரு முடிப்பா?"

"எட்டு நாளா ஏன் கேக்கல?"

தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தான். "கேட்டா நீ வாதாடுவ. நல்லாவும் வாதாடுவ. நான் தோத்துருவேன். அப்புறம் நீ சொல்லுததுதான் நடந்ததுன்னு ரெண்டு பேரும் நம்பிருவோம்."

பனைமரத்தடி அண்ணன் "சார், வெயிலு ஏறுது" என்றான். தம்பி, "அவரு பேசட்டும்வே" என்றான். அதற்கும் ஒரு சண்டை.

நான் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். "அதுல எழுதுனது வேடிக்கைக்கு இல்லன்னா? நெசமாவே அந்தப் பயம் எனக்கு இருந்தா?"

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கும் இருக்கு எப்சி. நான் ஒண்ணும் பயமில்லாம குடுக்கல. குடுத்துட்டு வீட்டுக்குப் போயி, ஐயோன்னுதான் இருக்கும். அப்புறம் ஏதோ ஒரு வழி வரும். இதுவர வந்திருக்கு." தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். "நீ வேண்டாம்னு நெனச்சா, அதயும் ஐயாகிட்ட சொல்லிரு. நான் எதிர்வழக்குப் போட மாட்டேன்."

அதையும் விட்டுக்கொடுக்கிறான். என்னையும்.

கோபம் வந்தது. இது போன வாரக் கோபம் அல்ல. என்ன வகை என்று நூற்று நாற்பது பக்கத்தில் எங்கும் இல்லை.

"அத மட்டும் குடுத்துப் பாருங்க" என்றேன். "கால ஒடிப்பேன்."

அண்ணன் தம்பி இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 18, வியாழன்

குருமனை. சொன்னேன். ஐயாவின் மனைவி முறுக்குத் தட்டோடு வந்து, கேட்டு, தட்டோடு உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து அடக்கிய சிரிப்பு.

ஐயா சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.

"தடைய வாபஸ் வாங்குதேன்னு எழுதிக் குடு. ஞாயித்துக்கிழம நான் அறிவிச்சுருதேன். தடை சொன்னவிய பேரச் சொல்ல வேண்டாம்னு விதியில இருக்கு. அது உன் உரிமை."

உரிமை. அவராகவே அந்தச் சொல்லைச் சொன்னார். என் பக்கம் ஒரு விதி, எழுத்தில், அச்சில். இவ்வளவு நாள் இதற்குத்தான் அலைந்தேன்.

"பேரு சொல்லலன்னா, சார்தான் எழுதிட்டு பயந்து வாபஸ் வாங்கிட்டாருன்னு ஊரு நெனைக்குமே ஐயா."

"நெனைக்கும்."

"அப்ப நானே சொல்லுதேன். மைக்குல."

ஐயா இன்னொன்றும் சொன்னார். விசாரணை முடிந்ததாக மேலிடத்திலிருந்து தாள் வர ஒரு வாரம் ஆகும். இரண்டாம் ஓலை இருபத்தெட்டாம் தேதி. மூன்றாவது மே ஐந்து. மே இரண்டில் கல்யாணம் கிடையாது. மண்டபம் கையில் இருந்திருந்தாலும் கிடையாது.

தேவபிச்சை சார் எடுத்தது மண்டபத்தை மட்டும்தான். தேதியை எடுத்தது நான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

சொன்னேன். மூன்று வாக்கியம். மனப்பாடம் செய்திருந்தது ஒன்பது.

"எங்க கல்யாணத்துக்குத் தடை எழுதுனது நான்தான். மாப்பிள்ள மேல உள்ள கோவத்துல எழுதுனேன். தேவபிச்சை சாருக்கும் அதுக்கும் சம்மந்தம் இல்ல, அவிய என்னை மன்னிக்கணும்."

 பின்வரிசையில் யாரோ ஒரு அக்கா, "பொண்ணே தடையா?" என்று கேட்டதும் ஆலயம் முழுக்கச் சிரிப்பு. பாடகர் குழுவும். ஐயா மேடையில் குனிந்து எதையோ தேடினார், செருப்பாக இருக்கலாம்.

இரண்டு பேர் சிரிக்கவில்லை. அம்மா, தேவபிச்சை சார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு தூக்குப் பாத்திரம் நிறையக் குழம்பு ஊற்றி எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனாள். அரைமணி கழித்துக் காலிப் பாத்திரத்தோடு திரும்பினாள். கூடவே சாரும்.

சாவியை மேசைமேல் வைத்தார். "மண்டபம் உங்களுக்குப் பதிஞ்சதும்மா. நான் கேட்டிருக்கக் கூடாது. எடுத்துக்கோ. ஷீபாவுக்கு வீட்டு முன்னால பந்தல் போட்டுக்கிடுதேன்."

"எங்களுக்கு இப்ப தேதியே இல்ல சார்" என்றேன்.

அவர் விழித்தார். பிறகு, ஐந்தாம் வகுப்புக்குப் பின் முதல்முறையாக, என் காதைப் பிடித்து மெல்லத் திருகினார். வலிக்கவில்லை. கொஞ்சம் வலித்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஐயா அவசரமாக வாசித்தார்.

புதுத் தேதி மே பத்து. வேறு வழியில்லை. ஆறிலிருந்து ஒன்பது வரை ஐயாவுக்கு வெளியூரில் கூட்டம், பதினொன்றாம் தேதி மாறுதலாகிப் போகிறார். பத்தாம் தேதிதான் எங்கள் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம். வீட்டுக்கு இவ்வளவு அரிசி என்று கொடுத்து, ஊரே சமைத்து, வருகிற எவரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. மண்டபத்துக்குள் கத்தரிக்காய் மலை இருக்கும். கல்யாணத்துக்கு இடம் இருக்காது.

"நம்ம ஆளுகளும் அசனத்துலயே சாப்பிட்டுக்கிடட்டும்" என்றான் கிதியோன்.

"எங்க காலேஜ் துறைத்தலைவி கார்ல வருவாவ. ஏசி இல்லாம கிளாஸே எடுக்க மாட்டாவ. தரையில உக்காருவாவளா?"

"பசிச்சா உக்காருவாவ."

மே 2, வியாழன்

ஷீபா கல்யாணம். மஸ்கட் வீட்டார் மனம் மாறி வந்துவிட்டார்கள். என் மூன்று வாக்கியங்களை யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்களாம்.

நான் ஜெபிக்கவில்லை. ஆனால் காலையிலிருந்து வானத்தைக் கவனித்தேன். ஒரு சிறு மழை. ஒரு மின்தடை. பிரியாணியில் கொஞ்சம் உப்புக் கூடினாலும் போதும்.

ஒன்றும் நடக்கவில்லை. மண்டபம் ஜொலித்தது. பிரியாணி அற்புதம்; இரண்டு முறை வாங்கினேன். ஷீபா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கர்த்தர் என் பக்கம் சேரவில்லை. அவள் பக்கமும் இல்லை போல. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் போகிறார்.

மே 5, ஞாயிறு

மூன்றாம் ஓலை. தடை உண்டா என்று ஐயா கேட்டதும் ஆண், பெண், பாடகர் குழு, எல்லாரும் ஒருசேரத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஐயாவும் பார்த்தார். காணிக்கைப் பை எடுக்கிறவர் என்னிடம் வந்தபோது பையின் வாயை ஒரு கையால் பாதி மூடிக்கொண்டார்.

மே 9, வியாழன்

நாற்பது பேர் கத்தரிக்காய் நறுக்கினோம். மஸ்கட் மாப்பிள்ளைக்கு நறுக்கத் தெரியவில்லை. விரலில் கட்டு.

மே 11, சனி

நேற்று கல்யாணம். இரண்டரைக்கு ஆராதனை, நாலுக்கு முதல் பந்தி.

மண்டபத்தில் கொள்ளுவது முந்நூறு பேர். பந்தலில் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து ஊர்க்காரர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கினவர்கள், கோயிலுக்குப் போகிற வழியில் நின்றவர்கள். எல்லோரும் என்னிடம் வந்து, "நல்லாயிரும்மா" என்றார்கள். பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது.

துறைத்தலைவி அரைமணி காரிலேயே இருந்தார். பிறகு இறங்கினார். பிறகு செருப்பைக் கழற்றினார். பிறகு உட்கார்ந்தார். யார் பக்கத்தில் என்றால், குளத்துக்கரை அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில். அவர்கள் அவரைத் தாண்டி ஊறுகாயைக் கைமாற்றிக்கொண்டார்கள்.

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முதல் பந்தியில் இரண்டு இலை போட்டு வைத்திருந்தார்கள். வயிறு கத்திக்கொண்டிருந்தது, காலையில் ஒரு இட்லிதான். நான் சேலையைச் சுருட்டிக்கொண்டு வருவதற்குள், யாரோ ஒரு முதியவர், கையில் துணிப்பை, வெயிலில் நடந்து வந்த கால், என் இலையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏ பாட்டையா, அது பொண்ணு எலை! எந்திரியும்!" என்று தேவபிச்சை சார் மூன்று வரிசைக்கு அப்பாலிருந்து கத்தினார்.

அவர் பதறி எழப் பார்த்தார். இலையில் சோறு விழுந்துவிட்டது.

"இருங்க தாத்தா. சாப்பிடுங்க" என்றேன். "எனக்குப் பசிக்கல."

பந்திகள் நிறைந்துகொண்டே போயின. சும்மா நிற்க முடியாமல் குழம்பு வாளியைத் தூக்கினேன். பட்டுச்சேலையில் மூன்று இடத்தில் கறை. துறைத்தலைவி என்னை நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் கறி" என்றார்.

கிதியோன் சோற்றுக் கூடையோடு எதிரே வந்தான். அவனுக்குப் போட்ட இலையில் அந்த முதியவரின் மனைவி.

"சாப்பிடலயா?" என்றேன்.

"பசிக்கல" என்றான்.

நாலாம் பந்தியில் இடம் கிடைத்தது. கறி தீர்ந்துவிட்டிருந்தது. எலும்பும் குழம்பும், அடிச்சோறும். அவன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஒரு வார்த்தை பேசினால் எழுந்து போய்விடுவேன் என்றேன். வாயை மூடிக்கொண்டான். ஆனால் சாப்பிட்டு முடியும்வரை அந்தச் சிரிப்பை மட்டும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்படி ஒரு சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை. காரணம் பசி. வேறொன்றும் இல்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.